கோட்டுக்குக் கீழே

நாட்டின் பிற பகுதிகளில் அன்றைக்கு என்ன நடந்ததோ தெரியாது. ஆவடியை அடுத்த வெள்ளானூரில், இன்னும் தார் காணாத ஒரு குறுக்குத் தெருவில், ஒரு மோட்டார் சைக்கிளின் ஏர் ஃபில்டரில் எண்ணெய் புகுந்ததன் காரணங்களை ஆராயும் உயர்மட்டக் குழு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் கூடவிருந்தது. தலைவர், ஓய்வுபெற்ற முதுநிலைத் தர ஆய்வாளர் திரு. உத்தமன் அவர்கள். உறுப்பினரும் அவரே. தீர்ப்பைப் புதன்கிழமை காலையே சொல்லி முடித்துவிட்டார் என்பதால், விசாரணைக்கு அதிக நேரம் பிடிக்காது என்று எதிர்பார்க்கப்பட்டது.

தீர்ப்பு இதுதான்: மாமனார் வாங்கிக் கொடுத்த வண்டியை மாப்பிள்ளை ராகேஷ் வெளிவட்டச் சாலையில் ரேஸ் ஓட்டிப் பாழாக்கிவிட்டான், கேட்டால் வேலைக்குப் போனேன் என்று பொய் சொல்கிறான். வண்டி வரதட்சணை அல்ல. உத்தமன் வரதட்சணைக்கு எதிரானவர். அது அன்பளிப்பு. கல்யாண மண்டப வாசலில் மாலை போட்டு நிறுத்தி, மைக்கில் இருமுறை அறிவித்துக் கொடுத்த அன்பளிப்பு.

வண்டி கெட்டால் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். ஆனால் இந்த வண்டியோடு சேர்ந்து அவருடைய ஒரே மகள் சுவேதாவின் குடித்தனமும் நின்றுபோயிருந்தது. புதன்கிழமை சாயங்காலம் துணிப்பையோடு கரையான்சாவடிப் புகுந்த வீட்டிலிருந்து வந்து இறங்கியவள், அறைக்குள் போய் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

நடந்தது பெரிய கதை இல்லை. வண்டி இழுக்கவில்லை, புகை தள்ளுகிறது என்று ராகேஷ் தங்கள் தெருமுனை மெக்கானிக் யூசுப்பிடம் காட்டினான். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே வடைச் சட்டியில் விழுந்த காகிதம் மாதிரி எண்ணெயில் ஊறிக் கிடந்தது. புதிதாகப் போட்டார். மூன்றே வாரத்தில் அதுவும் ஊறிப்போனது. சுவேதா அதைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினாள். அப்பா உடனே போனில் வந்தார்.

"எஞ்சின் உள்ள பிஸ்டன் ரிங்கு தேஞ்சுபோச்சு. புது வண்டியில ரிங்கு தானா தேயாதும்மா. வச்சு முறுக்கினாத்தான் தேயும். ஞாயித்துக்கெழமை காலையில உன் வீட்டுக்காரன் எங்க போறான்னு கேளு."

அந்த வீட்டில் இயந்திரங்களைப் பற்றி உத்தமன் சொன்னால் அதற்கு மேல் முறையீடு கிடையாது. மிக்ஸிக்கு ஆயுள் முடிந்தது என்று அவர் சொன்னால் மிக்ஸி செத்துவிடும். அவர் திறந்து பார்த்த பிறகு அதற்கு வேறு வழியும் இருப்பதில்லை. அந்தச் சட்டத்தில் வளர்ந்த சுவேதா கேட்டுவிட்டாள். ராகேஷ் அம்பத்தூர் பக்கம் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமையில்தான் அடுக்குமாடிக்காரர்கள் குடும்பத்தோடு லிஃப்டில் மாட்டிக்கொள்வார்கள். அதைச் சொன்னான். அவள் நம்பவில்லை.

"அப்போ நான் பொய் சொல்றேன்னு முடிவு பண்ணிட்டே."

"நான் சொல்லல. வண்டி சொல்லுது."

"அப்போ வண்டியோடவே குடித்தனம் பண்ணு."

இந்த வாசகத்தோடுதான் பை கட்டப்பட்டது.

ராகேஷின் அம்மா அனுசுயா சனிக்கிழமை போன் செய்து, "நாளிக்கு வர்றோம் சம்பந்தி. நேர்ல ஒக்காந்து ஒரு முடிவு பண்ணிக்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அந்த 'முடிவு' உத்தமனின் மனைவி வனஜாவின் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

"இன்னங்க, கறி எடுக்கறதா வேணாமா?"

"எதுக்குக் கறி? வர்றது விருந்துக்கா?"

"சாம்பார் வச்சா சண்டைக்குத் தயாரா இருக்கற மாதிரி இருக்குமே."

"கறி வச்சா நாம இறங்கிப் போற மாதிரி இருக்கும்."

வனஜா யோசித்தாள். பிறகு கறியும் எடுத்தாள், சாம்பாரும் வைத்தாள். கறிக் குக்கரை மட்டும் அடுப்பில் ஏற்றாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பேச்சு போகும் திசையைப் பார்த்து ஏற்றலாம்.

மழை வருவேன் வருவேன் என்று ஒரு வாரமாகப் பயமுறுத்திவிட்டு வராமல் போன புழுக்கம். தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய மண் மேடாகக் கிடந்தது. சரளை லாரி ஒவ்வொரு முறை போகும்போதும் காம்பவுண்டுச் சுவரின் பச்சைப் பெயின்டு இன்னும் கொஞ்சம் செம்மண் நிறத்துக்கு மாறியது. அம்மாவும் மகனும் அந்த மேட்டைச் சுற்றி வளைந்து வந்து இறங்கினார்கள். வாசலில் சமதளம் இல்லாததால் ராகேஷ் வழக்கம்போல வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தினான். புகை எதுவும் வரவில்லை. உத்தமன் அதைக் கவனித்தார். கவனிக்காததாக முடிவு செய்தார்.

"வாங்க சம்பந்தி, வாங்க மாப்ள."

"வர்றோம்" என்றாள் அனுசுயா. கரையான்சாவடியில் மெயின் ரோட்டை ஒட்டி ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருப்பவள். அளவெடுக்கிற பார்வையால் கூடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். வனஜா கொண்டுவந்த தண்ணீரை வாங்கினாள், குடிக்காமல் கீழே வைத்தாள். வனஜா சமையலறைக்குள் போனாள். குக்கரை இன்னும் ஓரடி தள்ளி வைத்தாள்.

"எம் மருமவ எங்க?"

சுவேதா அறை வாசலில் வந்து நின்றாள். "வாங்க அத்தை" என்றாள். ராகேஷைப் பார்க்கவில்லை. அவனும் தரையில் ஓடுகிற எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாகீறியாம்மா? மூஞ்சி வாடிக் கீதே" என்றாள் அனுசுயா. "இன்னா நடந்துச்சுன்னு நான் கேக்கல. ஊட்ட வுட்டுப் போற அளவுக்கு எம் புள்ள இன்னா பண்ணான்னு மட்டும் சொல்லு."

"யூசுப் பாய் வரட்டும் சம்பந்தி" என்றார் உத்தமன். "மெக்கானிக்கு முன்னாடி, ஆதாரத்தோட பேசுவோம். நம்ம சர்வீஸ்ல யூகத்துக்கு இடமே கிடையாது."

இப்படிச் சொல்லிவிட்டு அவர் எழுந்து, "வண்டியை ஒரு பார்வை பாத்துட்டு வர்றேன்" என்று வெளியே போனார். படிக்கட்டுக்கு அடியில் சிமென்ட் சாக்குக்குப் பின்னால் எஞ்சின் ஆயில் டின் ஒன்றை அவர் வைத்திருந்தார். அது அவருடைய ரகசியத் தர்மம்.

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வரத் தொடங்கிய நாளிலிருந்து, இலையில் வனஜாவின் ஆட்சி. "போதும் அத்தை" என்று அவன் கையை விரித்து மறைத்தால், விரல் சந்தில் குழம்பை ஊற்றுவாள். சாப்பிட்டு அவன் மின்விசிறிக்கு அடியில் மூச்சு விட முடியாமல் மல்லாந்து கிடக்கும்போது உத்தமன் பூனைபோல வெளியே போவார். எஞ்சினின் வலப்பக்க மூடியைத் திருகி, அதோடு சேர்ந்திருக்கும் அளவுக் குச்சியை உருவி, வெயிலில் தூக்கிப் பார்ப்பார். குச்சியில் இரண்டு கோடுகள். எண்ணெய் அவற்றுக்கிடையில் நிற்க வேண்டும். எப்போது பார்த்தாலும் கீழ்க்கோட்டுக்கும் கீழேதான் நின்றது. "கவனிப்பே இல்லாத பையன்" என்று வருத்தப்பட்டு, கோடு தொடும்வரை ஊற்றி மூடிவிட்டு வருவார். யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் செய்வதில் உள்ள பெருமையை, சரியான சமயம் பார்த்து ஒருநாள் சொல்லலாம் என்று சேமித்து வைத்திருந்தார்.

இன்றைக்கும் உருவிப் பார்த்தார். கோட்டுக்குக் கீழே. நேரம் வந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. அன்பளிப்பை வறட்சியில் விட மனமில்லாமல், இன்றைக்கும் ஊற்றினார்.

யூசுப் தன் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். ஸ்பேனர் பையைவிடப் பெரிய சொற்களைச் சுமந்துகொண்டு திரிகிறவர். செல்போனில் வெளிநாட்டு மெக்கானிக்குகளின் வீடியோ பார்த்து ஆறு மாதமாகப் பாதி இங்கிலீஷாகிவிட்டிருந்தார். எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். அனுசுயா படியிலேயே உட்கார்ந்தாள். சுவேதா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பேஷன்டு கண்டிஷன் கிரிட்டிக்கல் சார்" என்றார் யூசுப். "ப்ளோ பைன்னு சொல்வாங்க. ரிங்கு வுட்டுட்டா எஞ்சின் உள்ள பிரஷர் ஏறும். அது மூச்சுக் குழா வழியா ஆயிலத் தூக்கினு போய் ஃபில்டர்ல கொட்டும். எஞ்சினையே பிரிச்சு போர் வேலை பண்ணியே ஆவணும்."

"கேட்டீங்களா?" என்று உத்தமன் சபையைப் பார்த்தார். "ரிங்கு ஏன் வுடுது?"

"ஓவரா முறுக்குனா வுடும் சார்."

"கேட்டுக்கங்க சம்பந்தி. நான் சொல்லல. எக்ஸ்பர்ட்டு சொல்றாரு."

"பாய்" என்றான் ராகேஷ். முதல்முறையாக வாய் திறந்தான். "நேத்து எங்கிட்ட இன்னா சொன்ன? ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்னு சொன்ன. இங்க வந்து போர் வேலைங்கறே."

"அது நேத்து மச்சான். இது இன்னிக்கு."

"இன்னா பாய், இன்னிக்கு இன்னாத்தப் பாத்துட்ட?" என்றாள் அனுசுயா. "இன்னும் பையே தொறக்கல. ஞாயித்துக்கெயம ஆனா, லிப்டுல மாட்டிக்கினு கத்துறவங்கள இவன் போய் வெளிய எடுத்து வுடறான். சட்டையெல்லாம் கிரீசு. தோய்க்கிறவ நான். ரேசு வுடறவன் சட்டையில கிரீசு எப்டி வரும்?"

"சம்பந்தி, சென்டிமென்டு வேற, மெக்கானிசம் வேற" என்றார் உத்தமன். "முப்பத்தாறு வருஷம் பாதுகாப்புத் துறையில டேங்க்கைப் பாத்தவன் நான்."

"இன்னாத்தப் பாத்தீங்க?"

"டேங்க்கு!"

"டேங்க்கு மேல மூடற கித்தான் துணியில தையல் பிரிஞ்சிகீதான்னு பாத்தீங்க. ஒங்க பொண்ணே சொல்லிச்சு. தையல்னா எனக்குந்தான் தெரியும். நான் என்னிக்காவது பீரங்கி சுட்டேன்னு சொல்லிக்கினேனா?"

வனஜா சிரிப்பை முந்தானையில் பிடித்துக்கொண்டாள். சுவேதாவின் முகம் சிவந்துபோனது. உத்தமனுக்குக் காது இரண்டும் சூடாயிற்று. சரளை லாரி ஒன்று போய், எல்லோர் மேலும் பாரபட்சமின்றி மண்ணைத் தூவியது.

"மா, நீ சும்மா இரு" என்றான் ராகேஷ். பிறகு, அதுவரை பார்க்காமல் இருந்த சுவேதாவை நேராகப் பார்த்தான். குரல் தாழ்ந்துதான் இருந்தது. அதனாலேயே வனஜாவுக்குப் பயமாக இருந்தது. "இன்னிக்கு இது முடிஞ்சுரணும். நான் பொய்யன்னு ஆச்சுன்னா நான் தனியாப் போறேன். அப்புறம் வந்து கூப்புட மாட்டேன். நீயும் வர வேணாம்."

சுவேதா அப்பாவைப் பார்த்தாள். புதன்கிழமையிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே பிடி அந்த முகம். அது கலங்காமல் இருந்தது. அதனால் அவளும் கலங்காமல் நிற்க முயன்றாள்.

"தொறங்க பாய்" என்றாள்.

யூசுப்பும் ராகேஷும் சேர்ந்து வண்டியை கேட்டுக்கு உள்ளே, சிமென்ட் தளத்துக்குத் தள்ளிவந்து மெயின் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தினார்கள். பக்கவாட்டு மூடியின் திருகுகளை யூசுப் ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூடி வந்தது. உள்ளேயிருந்து ஃபில்டரை இழுத்தார்.

காய்ந்திருந்தது. விரலால் தேய்த்தார். விரலில் தூசுகூட ஒட்டவில்லை.

"நேத்துதான் புச்சு போட்டேன்" என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

"இருவது கிலோமீட்டர் ஓட்டியாந்துகீறான்" என்றாள் அனுசுயா. "எங்க ஒங்க ஆயிலு?"

"ஒரு நாள்ல தெரியாது" என்றார் உத்தமன்.

"ஆமா, ஒரு நாள்ல தெரியாது" என்று யூசுப்பும் தலையாட்டினார்.

"எத்தினி நாளு ஆவும் தெரியறதுக்கு? அதுவரிக்கும் எம் மருமவ இங்கியே இருக்கணுமா?"

சுவேதா காய்ந்த ஃபில்டரையே பார்த்தாள். கதவைப் பிடித்திருந்த கை நழுவியது. மகளின் கண்ணில் அந்தச் சின்ன அசைவைப் பார்த்ததும் உத்தமனுக்குப் பதறியது. அவள் நம்பிக்கை நழுவுகிறது. அவன் பக்கம் நழுவுகிறது. இதற்காகத்தானே ஒன்றைச் சேமித்து வைத்திருந்தார்? இரண்டு படி இறங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி. ஃபில்டரை விடுங்க. எஞ்சின் ஆயிலுக்கு வருவோம். மாப்ள, ஆயில் எப்ப மாத்தினது?"

"நேத்து. ஃபில்டரோட சேத்து."

"அளவு?"

"பாய் ஊத்துனாரு. கம்பெனி அளவு."

"கரெக்டா அளந்து ஊத்துனேன் சார். ஒரு சொட்டு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல" என்றார் யூசுப்.

"நல்லது. அப்போ இன்னைக்கு அது கோட்டுக்குக் கீழ எப்படிப் போச்சு?" உத்தமனின் குரல் தெருவரை போனது. "அரை மணி நேரம் முன்னாடி நான் பாத்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழ! ஒரே நாள்ல! எங்க போச்சு ஆயிலு? எரிஞ்சு போச்சு. ரிங்கு வழியா மேல ஏறி எரிஞ்சு போச்சு. இன்னைக்கு மட்டுமில்ல. எட்டு மாசமா, ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பாக்கறேன். ஒவ்வொரு வாரமும் கீழ. இந்தப் பிள்ளை ஒருநாள் மூடியத் தொறந்து பாத்திருப்பானா? மாமனார்தான், வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லாம, இவன் தூங்கற நேரத்துல, என் கையால, வாராவாரம் ஊத்திக்கிட்டு வர்றேன். இப்பக்கூட ஊத்திட்டுத்தான் வந்தேன்!"

சபையில் பெரிய விளைவு ஏற்பட்டது. அவர் எதிர்பார்த்த விளைவு அல்ல.

யூசுப்பின் கையில் திருகுகள் சத்தமில்லாமல் நின்றன. ராகேஷ் மெதுவாக நிமிர்ந்தான்.

"நீங்க ஊத்துனீங்களா மாமா?"

"ஆமா."

"வாராவாரமா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"யூசுப் பாய் ஊத்துனதுக்கு மேலயா?"

உத்தமன் குனிந்து, தானே மூடியைத் திருகினார். தர ஆய்வாளர் அல்லவா. கண்ணால் கண்டதை மறுபடியும் கண்டு, இவர்கள் வாயை அடைத்துவிட வேண்டும். குச்சியை உருவி, பனியன் துணியில் துடைத்து, வைத்து, மறுபடி உருவித் தூக்கினார்.

எண்ணெய் கீழ்க்கோட்டைத் தாண்டியிருந்தது. மேல்கோட்டையும் தாண்டியிருந்தது. கோடுகள் முடிந்து வெறும் பிளாஸ்டிக் தொடங்குகிற இடத்திலும் பளபளத்து, நுனியில் திரண்டு, அவருடைய புறங்கையில் சொட்டியது.

அவர் வண்டியைப் பார்த்தார். வண்டி நேராக நின்றது. இத்தனை ஞாயிறுகளில் அவர் ஒருமுறைகூட அதை நேராக நிற்க வைத்து அளந்ததில்லை. இடப்பக்கம் சாய்ந்து நின்ற வண்டியில் எண்ணெயும் இடப்பக்கம் போய் ஒதுங்கியிருக்கும். வலப்பக்கக் குச்சிக்கு எட்டாது. அவர் ஊற்றியதெல்லாம் மிகை. மிகையை எஞ்சின் வைத்துக்கொள்ள முடியாமல் மூச்சுக் குழாய் வழியாகத் துப்பியிருக்கிறது. துப்பியது ஃபில்டரில் ஊறியிருக்கிறது. துப்பித் தீர்ந்ததும் அவர் மறுபடி ஊற்றியிருக்கிறார். சாய்ந்த அளவு ஒரு அளவே அல்ல என்று தன் பிரிவில் சேர்ந்த ஒவ்வொரு புதுப் பையனையும் நிற்கவைத்துத் திட்டியவர் அவர்.

இது அத்தனையும் அவருக்கு ஒரே விநாடியில் புரிந்தது. வேறு யாருக்கும் இன்னும் புரியவில்லை என்பதும் அதே விநாடியில் புரிந்தது. யூசுப் நின்ற இடத்திலிருந்து குச்சி தெரியாது. அனுசுயாவுக்குக் கோடு தெரியாது. உற்பத்திக் குறைபாடு என்று சொல்லலாம். கம்பெனிக்காரன் இங்கே வந்து நிற்கப் போவதில்லை. மாப்பிள்ளையும் தப்பிப்பான், மாமனாரும் தப்பிப்பார். பனியன் துணியைக் குச்சியருகே கொண்டுபோனார்.

"துடைக்காதப்பா."

சுவேதா பக்கத்தில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள் குச்சியைப் பார்க்கவில்லை; அவர் முகத்தைத்தான் பார்த்தாள். புதன்கிழமையிலிருந்து பிடித்துக்கொண்டிருந்த முகம்.

"கோடு எங்கப்பா?"

உத்தமன் வாயைத் திறந்தார். 'தொழில்நுட்ப ரீதியாகப் பார்த்தால்' என்று ஒரு வாக்கியம் உள்ளே தயாராக இருந்தது. அது வெளியே வரவில்லை.

"கீழ கீதும்மா" என்றார். கோபத்திலும் பயத்திலும் மட்டும் அவருக்கு வரும் பாஷை அது. "ஆயிலு மேல கீது. நாந்தான் ஊத்திட்டேன். வண்டி சாஞ்சிக்கினு நிக்கசொல்லோ பாத்துப் பாத்து ஊத்திட்டேன். ரிங்கும் தேயல, ஒண்ணும் தேயல. அவன் ரேசும் வுடல."

யூசுப்தான் முதலில் சுதாரித்தவர்.

"நான் அப்பவே சொன்னேன்ல சார், ஓவர் ஃபில்லிங்கா இருக்கும்னு."

அதை அவர் எப்போது சொன்னார் என்று யாருக்கும் நினைவில்லை.

சுவேதா ராகேஷிடம் போனாள். அவன் ஃபில்டரைப் பெட்டிக்குள் பொருத்திக்கொண்டிருந்தான். அவள் வந்து நின்றதும் கை நின்றது.

"தப்புதான்" என்றாள்.

"இப்பவும் வண்டி சொல்லித்தான் நம்பறே" என்றான் அவன். "நான் சொல்லி இல்ல."

அவள் கீழே உட்கார்ந்து, யூசுப் தரையில் வைத்திருந்த திருகுகளை எடுத்து ஒவ்வொன்றாக அவனிடம் நீட்டினாள். அவன் மூன்றாவதை வாங்கும்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"பையை எடுத்துக்கினு வா. சாப்டுட்டுப் போலாம்" என்றான்.

உள்ளே குக்கர் அடுப்பில் ஏறிய சத்தம் கேட்டது.

மிகை எண்ணெயை யூசுப் ஒரு பழைய தயிர் டப்பாவில் வடித்தார். டப்பா நிரம்பி, இன்னொன்று தேவைப்பட்டது. அனுசுயா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் சம்பந்தி, வண்டிய நீச்சல் பழக வுட்டீங்களா?" என்றாள். கை கழுவப் போன உத்தமன் வெகுநேரம் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

கறி கொஞ்சம் வேகாமல்தான் இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. கறிச் சோறு முடியும்வரை உத்தமன் தலை நிமிரவில்லை. ரசத்துக்கு வரும்போது நிமிர்ந்துவிட்டார். மோருக்கு வரும்போது, இப்போதைய எஞ்சின்களின் மூச்சுக் குழாய் வடிவமைப்பிலேயே ஒரு பலவீனம் இருப்பதை அனுசுயாவுக்கு ஊறுகாய் கிண்ணத்தை வைத்து விளக்கிக்கொண்டிருந்தார். யூசுப் நடுநடுவே, "கரெக்டு சார்" என்றார். அனுசுயா எலும்பைக் கடிப்பதில் கவனமாக இருந்தாள்.

நால்வரும் கிளம்பும்போது வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. அனுசுயா யூசுப்பின் ஸ்கூட்டரில் ஏறினாள். சுவேதா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ராகேஷுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கையை அவன் தோளில் வைப்பதா வேண்டாமா என்று யோசித்து, வைத்தாள். உத்தமன் கேட்டைப் பிடித்துக்கொண்டு, இருவருக்கும் தெருவுக்கும் பொதுவாக அறிவித்தார்:

"இன்னைக்கு நடந்ததுல இருந்து ஒரு முறை வகுத்திருக்கேன் மாப்ள. இனிமே மெயின் ஸ்டாண்டு போட்டு, எஞ்சின் ஆறினப்புறந்தான் அளவு பாக்கப்படும். நானே என் நேரடிப் பொறுப்புல பாத்துக்கறேன். வாராவாரம் வண்டியைக் கொண்டாந்துடுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் பஸ்ஸில் வந்தார்கள்.